பக்கத்து வீட்டு விளக்கு

மின்சாரத்தைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். அது மிகுவதையும் குறைவதையும் விளக்கின் முகம் பார்த்தே அறிந்துகொள்கிறோம். தம் வீட்டு விளக்கை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அடுத்த வீட்டு விளக்கைப் பார்க்கத் தவறிவிடுவதுண்டு. அப்படித் தவறியவர்களுள் நாமும் ஒருவர். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் நாம் செய்து வந்த ஒரு பிழையையும், அதைத் திருத்திக்கொள்ள நேர்ந்த விதத்தையும் வாசக அன்பர்கள் முன் வைக்க நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆயினும், நம்மைப் போல் வீட்டிலேயே தொழில் நடத்துவோர் ஊர்தோறும் பெருகியிருக்கும் இந்நாளில், சொல்லாமல் விடுவது அதனினும் பெரிய பிழை என்று கருதுகிறோம்.

நம் ஊர் காயல்பட்டினம். வெளியூர்ப் பள்ளியொன்றில் மரவேலை கற்பிக்கும் ஆசிரியராய்ப் பணியாற்றி, 2016 ஆம் ஆண்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பினோம். கை சும்மா இருக்க மறுத்தது. வாப்பா காலத்தில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடந்த பின்கட்டு அறையைத் துப்புரவு செய்து, அதில் ஒரு சிறு பட்டறையை அமைத்தோம். பூவரசும் வேம்பும் தேக்கும் வாங்கி, தொட்டில், முக்காலி, ரெஹால் ஆகியவற்றைச் செய்யத் தொடங்கினோம். திருமறையை விரித்து வைத்து ஓதும் ரெஹாலைப் பற்றி வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரே பலகையில் உருவாவது என்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். ஆணியும் பசையும் இல்லாமல், நடுவில் விரல்கள் கோத்தாற்போல் அறுத்து, பலகையை நெடுகப் பிளந்து, இரண்டு இலைகளாய் விரியச் செய்வதே அதன் நுட்பம். கையால் செய்தால் ஒரு நாளைக்கு ஒன்று ஆகும். பொறிகள் துணை நின்றால் ஐந்தாறு முடியும்.

அந்த ஆசையே நம்மைப் பிடித்துக்கொண்டது. முதலில், தொட்டில் கால்களைக் கடைவதற்கென்று 2 குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய கடைசல் பொறி வந்தது. மறு ஆண்டு, பலகையை இழைத்துச் சமன் செய்யும் பொறி வந்தது. அதற்கு 3 குதிரைத்திறன். இரண்டும் ஒருமுனை மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டையும் நம் வீட்டு இணைப்பிலேயே மாட்டினோம். அந்த இணைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று பல்லாண்டுகளுக்கு முன் பெற்றது. அதற்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 கிலோவாட் மட்டுமே. பொறிகள் இரண்டும் சேர்ந்து ஓடினால் அதனினும் இருமடங்குக்கு மேல் இழுக்கும் என்று நமக்குத் தெரியாதா? மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய கை இது, நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தக் கணக்கை நமக்கென்று போட்டுப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

உருகுகம்பி அடிக்கடி அறுந்தது. அது நமக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை. நாமோ அதை இடையூறு என்றெண்ணி, சற்றுத் தடித்த கம்பியைப் போட்டு அதன் வாயை அடைத்தோம். பொறி புறப்படும்போதெல்லாம் வீட்டு விளக்குகள் மங்கின. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். குளிர்பெட்டிக்கும் விளக்குகளுக்கும் என்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தோம். குறைந்து வரும் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுப்பதற்காக அந்தக் கருவி கம்பியிலிருந்து இன்னும் கூடுதலாக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். நம் விளக்கு பிரகாசித்தது. அந்தப் பிரகாசத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

2018 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ரமலானுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. நாற்பது ரெஹால்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தோம். பொறிகளுக்கு ஓய்வில்லை. நம் ஊரில் வீடுகளின் பின்கட்டுகளை ஒட்டிப் பெண்கள் முடுக்கு உண்டு. ஆடவர் நடமாட்டமின்றிப் பெண்மக்கள் வீட்டுக்கு வீடு போய்வருவதற்கென்று முன்னோர் விட்டு வைத்த குறுகிய வழி. அவ்வழியே அடுத்த வீட்டுக்குச் சென்று திரும்பிய நம் இல்லத்தார், அன்று லுஹருக்குப் பின் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள்.

"லாத்தா இன்சுலின் மருந்தைப் பானைக்குள்ளே வச்சிருக்காங்க" என்றார்கள்.

அடுத்த வீட்டு லாத்தா எழுபதைக் கடந்தவர், கணவரை இழந்தவர், மக்கள் வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். நெடுநாளாய்ச் சர்க்கரை நோய் உள்ளவர். திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் பாதுகாக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் கடற்கரையூர் கொதிக்கும்போது, நனைந்த மணலின்மேல் மண்பானையை இருத்தி, அதற்குள் வைத்து அந்த அம்மையார் மருந்தைக் காத்து வந்திருக்கிறார். குளிர்பெட்டி எங்கே? பத்து நாள்களுக்கு முன் அதன் கம்ப்ரசர் கருகிப்போய்விட்டதாம்.

உடனே நாமும் இல்லத்தாரும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். லாத்தா நம்மை உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் தேநீர் பற்றியே பேசினார். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சொன்னார்:

"மெஷின் சத்தம் கேட்டதும் நான் போய்ப் பெட்டியை அமர்த்திடுவேன், தம்பி. சத்தம் நின்னதும் போட்டுடுவேன். அன்னைக்கு அசந்து தூங்கிட்டேன்."

நாம் திகைத்துப் போனோம். ஈராண்டுகளாக நம் பொறியின் ஓசை கேட்கும்போதெல்லாம் எழுபது வயது மூதாட்டி ஒருவர் எழுந்து நடந்து சென்று தம் குளிர்பெட்டியை அணைத்திருக்கிறார். ஒரு நாளில் எத்தனை முறை நாம் பொறியை ஓட்டினோமோ, அத்தனை முறை அவர் நடந்திருக்கிறார்.

"ஏன் லாத்தா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றோம்.

"நீங்க பொழப்புக்குத்தானே ஓட்டுறீங்க? அதைப் போய் நிறுத்துங்கன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றார் அவர்.

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை நாம் ஏதேனும் விடை சொல்லியிருப்போம். விடை சொல்ல ஒன்றுமில்லாமல் திரும்பினோம். அன்றே மருந்துக் குப்பிகள் நம் வீட்டுக் குளிர்பெட்டிக்கு வந்தன. இத்தனை நாள் வெப்பத்தில் இருந்தவற்றை மருத்துவரிடம் காட்டி, அவர் சொற்படி புதியவை வாங்கி வைக்கப்பட்டன. அன்று மாலையே இரண்டு பொறிகளின் இணைப்பையும் கழற்றிவிட்டோம்.

மறுநாள், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை ஆறுமுகநேரியிலிருந்து வரவழைத்தோம். இளைஞர், நிதானமானவர். வந்தவுடன் எதையும் கழற்றாமல், அளவுமானியை வைத்துப் பார்த்தார். பொறிகள் ஓடாதபோது 218 வோல்ட். கடைசல் பொறியைப் போடச் சொன்னார். அது புறப்பட்ட நொடியில் 172 வரை இறங்கி, ஓட்டம் பிடித்ததும் 206-க்கு வந்து நின்றது. இழைப்புப் பொறியையும் சேர்த்து ஓட்டியபோது 187. கடினமான தேக்கை உள்ளே தள்ளியபோது அதற்கும் கீழே போயிற்று. இந்தச் சில மணித்துளிச் சோதனைக்கு முன், இல்லத்தார் முடுக்கு வழியே ஆறு வீடுகளுக்கும் சென்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, இது உங்க வீட்டுக் கோளாறு இல்லை. கம்பிக் கணக்கு. நீங்க இழுக்கிற இழுப்புக்கு இந்தக் கம்பி காணாது" என்றார் அவர்.

பிறகு அவர் விளக்கியதை நம் சொற்களில் தருகிறோம். முடுக்கின் முகப்பிலுள்ள கம்பத்திலிருந்து ஆறு வீடுகளுக்கு ஒரே முனையின் மெல்லிய கம்பி வருகிறது. அதன் கடைசியில் இருப்பவை லாத்தாவின் வீடும் நம் வீடும். கம்பியில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு மின்னழுத்தம் வழியிலேயே வீணாகும். 2 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். குளிர்பெட்டியின் கம்ப்ரசருக்குள் இருப்பதும் ஒரு மோட்டாரே. போதிய அழுத்தம் இல்லாதபோது அது சுழல முயன்று, சுழல முடியாமல், நின்ற நிலையிலேயே மிகுந்த மின்னோட்டத்தை விழுங்கிச் சூடேறிக் கருகிவிடும்.

தாமிரவருணிக் கரையில் வாழ்வோருக்கு இதைப் புரிந்துகொள்ள வேறு உவமை வேண்டியதில்லை. திருவைகுண்டம் அணை அந்த ஆற்றின் கடைசி அணை. அங்கிருந்து வரும் வாய்க்காலில், மேல்மடையில் இருப்பவர் தம் வயலுக்கு வேண்டிய மட்டும் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை காயும். மேல்மடைக்காரர் திருடவில்லை; தம் வயலுக்குத்தான் பாய்ச்சினார். ஆனாலும் கடைமடை காய்ந்தது காய்ந்ததுதான். அதே ஆற்றின் மேல்பகுதியில், பாபநாசத்தில், 1944 ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நமக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் உள்ள தூத்துக்குடியில் 210 மெகாவாட் திறனுள்ள முதல் அனல்மின் அலகு 1979 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. இத்தனை அருகில் இத்தனை பெரிய ஊற்றுகள் இருந்தும், ஒரு முடுக்கின் கடைசி வீட்டில் ஒரு குளிர்பெட்டி ஓடவில்லை என்றால், குறை ஊற்றில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. அந்தப் பங்கீட்டைக் கெடுத்தவர் நாம்.

பரிகாரம் என்ன? மும்முனை இணைப்பு பெறுவதே என்றார் மின்பணியாளர். தமிழகத்தில் மின்பளு 4 கிலோவாட்டைக் கடந்தாலே மும்முனை இணைப்புத்தான் பெற வேண்டும். மும்முனை மோட்டார் தன் சுமையை மூன்று கம்பிகளுக்கும் சமமாய்ப் பகிர்ந்துவிடுகிறது. இழைப்புப் பொறியின் 3 குதிரைத்திறனுக்கு ஒருமுனையில் ஏறத்தாழ 17 ஆம்பியர் வேண்டும். மும்முனையில் 400 வோல்ட்டில், கம்பி ஒன்றுக்கு 5 ஆம்பியர் போதும். சுமையைத் தூக்க மூவர் ஒத்த அடி வைத்து நடந்தால் ஒருவர் முதுகும் வளைவதில்லை அல்லவா?

அடுத்து அவர் கேட்ட கேள்வி நம்மைச் சுட்டது. "வீட்டு இணைப்பிலேயே பளுவைக் கூட்டவா, தொழிலுக்குத் தனி இணைப்பு வாங்கவா?" வீட்டு இணைப்புக்குக் கட்டணம் குறைவு. 2016 ஆம் ஆண்டு முதல், இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஏழைக் குடும்பத்தின் விளக்கெரிய அரசு விட்டுக்கொடுத்த அந்த நூறு யூனிட்டில் நாம் தொட்டில் கால் கடைந்து விற்றுக்கொண்டிருந்தோம். 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 126 ஆம் பிரிவில், ஒரு நோக்கத்திற்குப் பெற்ற இணைப்பை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்துவதை அங்கீகாரமற்ற பயன்பாடு என்று சொல்லி, உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்க வகை செய்கிறது. சட்டம் நம்மைக் கண்டுபிடிக்கவில்லை. லாத்தாவின் மண்பானைதான் கண்டுபிடித்தது.

தொழிற்கட்டணத்தில், தனி மானியுடன், மும்முனை இணைப்புக்கே விண்ணப்பித்தோம். வீட்டுவரிச் சீட்டு, பொறிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் திறன், மின்பணியாளரின் சோதனை அறிக்கை ஆகியவற்றை ஒழுங்காய்க் கொடுத்தோம். வைப்புத்தொகையும் வளர்ச்சிக் கட்டணமும் செலுத்தினோம். பொறிகளின் மோட்டார்களையும் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சேர்ந்து ஓராண்டு இலாபத்தை விழுங்கின. ஆனால், "நாம் எடுப்பது இவ்வளவு" என்று முதல் தடவையாக ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டபோது ஏற்பட்ட மனநிம்மதியை அந்தச் செலவோடு ஒப்பிட இயலாது. எடுப்பதை மறைத்தவருக்குத் தம் பொறியின் ஓசையே பகையாய் இருக்கும்.

ரமலானுக்கு முன் இணைப்பு வரவில்லை. முன்பணம் கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொன்னோம். சிலர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்; பலர் காத்திருந்தார்கள். கைவாளும் உளியும் கொண்டு பதினெட்டு ரெஹால்கள் மட்டும் செய்து கொடுத்தோம். தோள் வலித்தது. எனினும் அந்தப் பதினெட்டும், நாம் செய்தவற்றுள் நல்லவை என்றே இன்றும் சொல்வோம்.

பெருநாள் கழிந்து வேலை தொடங்கியது. பெருந்தெருக் கம்பத்திலிருந்து நம் பட்டறைக்கு நேராகத் தடித்த கம்பி வந்தது. முடுக்குக் கம்பிக்கும் பட்டறைக்கும் இனித் தொடர்பில்லை. கடற்காற்றின் உப்பு, செம்பும் அலுமினியமும் சேரும் இணைப்பை விரைவில் அரித்துவிடும். அங்கே இரு உலோகங்களுக்கும் ஏற்ற இணைப்பியைப் போட்டார் இளைஞர். பின்முற்றத்தில் ஆழக் குழி தோண்டி, துத்தநாகம் பூசிய குழாயை இறக்கி, கரியும் உப்பும் இட்டு, நிலத்தொடர்பு அமைத்தார். நம் மணல் நிலம் எளிதில் உலர்ந்துவிடுமாதலால், கோடையில் அக்குழிக்குத் தவறாமல் நீர் ஊற்றச் சொன்னார். ஒவ்வொரு பொறியின் இரும்புடலையும் இரண்டு தனித்தனிக் கம்பிகளால் நிலத்தோடு பிணைத்தார். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று உயிரைக் காக்கும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் காவற்கருவியும் பொருத்தப்பட்டது. தடித்த கம்பி போட்ட பழைய உருகியைக் கழற்றி நம் கையில் கொடுத்து, "இதைப் பத்திரமா வைங்க அண்ணாச்சி, பார்க்கிறப்பெல்லாம் ஞாபகம் வரும்" என்றார். அது இன்றும் பட்டறையின் மாடத்தில் இருக்கிறது.

ஸ்டார்ட்டரின் சிறப்பையும் அவரே விளக்கினார். மின்தடை ஏற்பட்டால் அதிலுள்ள சுருள் பிடியை விட்டுவிடும். மின்சாரம் திரும்ப வந்தாலும், நாமாகப் பொத்தானை அழுத்தும்வரை பொறி ஓடாது. மின்சாரம் போன நேரத்தில் பொறிக்குள் கையை விட்டுத் துப்புரவு செய்தவர்கள் விரல்களை இழந்த கதைகளை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

முதன்முறை பொத்தானை அழுத்தியபோது கடைசல் பொறி எதிர்ப்புறமாய்ச் சுழன்றது. அப்படியே விட்டால் முகத்தட்டின் மரை கழன்று மரத்துண்டு பறக்கும். இளைஞர் சிரித்துக்கொண்டே மூன்று கம்பிகளுள் இரண்டை இடம் மாற்றி முடுக்கினார். பொறி நேராய்ச் சுழன்றது. மும்முனையில் திசை தவறினால் திருத்துவது அவ்வளவு எளிது. மனிதர் திசை தவறினால் அத்தனை எளிதாய் இருப்பதில்லை.

அன்று அஸருக்குப் பின், இல்லத்தாரை முடுக்கு வழியே லாத்தாவின் வீட்டுக்கு அனுப்பி, கூடத்து விளக்கைப் பார்த்திருக்கச் சொல்லிவிட்டுப் பொறிகள் இரண்டையும் ஓட்டினோம். தேக்கையும் உள்ளே தள்ளினோம். சற்று நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். "விளக்கு அசையவே இல்லை" என்றார்கள். "லாத்தா மட்டும் சத்தம் கேட்டதும் பழக்கத்திலே எழுந்துட்டாங்க" என்றும் சொன்னார்கள்.

குளிர்பெட்டியின் கதை மிச்சமிருக்கிறது. புதிய பெட்டி ஒன்றை வாங்கித் தர நாம் முன்வந்தபோது லாத்தா மறுத்துவிட்டார். "என் மக்கள் அனுப்புவாங்க, எனக்கு ஸதக்கா வேண்டாம், தம்பி" என்றார். தன்மானமுள்ளவர்; அப்படித்தான் சொல்வார். அப்போது நம் இல்லத்தார் குறுக்கிட்டு, "இது ஸதக்கா இல்லை லாத்தா, கடன். வாங்க மறுத்தா நாளைக்கு எங்க கணக்கிலேதான் நிற்கும்" என்றார்கள். லாத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கடன்னா சரி. ஆனா பழைய பெட்டி விலைதான். புதுப்பெட்டி விலை எனக்கு வேண்டாம்" என்றார். அவர் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தோம். ஒரு காசு கூட்டித் தரவும் அவர் விடவில்லை. நமக்கு உரியதற்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த நாம், உரியதற்கு மேல் ஒரு காசும் எடுக்க மறுத்தவரின் முன் தலை குனிந்து நின்றோம்.

அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடுத்த வீட்டுக்குப் புகை போகாமல் அடுப்பு மூட்டவும், நம் கூரைநீர் அவர்கள் சுவரில் விழாமல் தாழ்வாரம் இறக்கவும் பெரியவர்கள் கற்றுத் தந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த புகைக்கும் நீருக்கும் அஞ்சிய நாம், கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்துக்கு அஞ்ச மறந்துவிட்டோம். அதுவும் ஓர் அமானிதமே. ஒரே கம்பியில் பிணைந்த வீடுகள் ஒரே வாய்க்காலில் பாயும் வயல்கள் போன்றவை.

வீட்டில் பட்டறை வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. உங்கள் பொறியைப் போட்டுவிட்டு, ஒரு நாளேனும் அடுத்த வீட்டுக்குச் சென்று அவர்கள் விளக்கைப் பாருங்கள். அது மங்கினால், அவர்கள் சொல்லும்வரை காத்திராதீர்கள். சொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.